பச்சைப் புள்ளி

மீஞ்சூரில் ஒரு பிரிண்டிங் கடையில் ஆயிரம் ஸ்டிக்கர் அடித்து வாங்கினேன். ரோஸ் நிற வட்டம். நடுவில் என் பெயர், அதன் கீழே போன் நம்பர், ஓரமாக ஒரு பச்சைச் சதுரம், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. சைவம் என்று அர்த்தம். அந்த ஆயிரத்தில் அறுநூறுக்குக் குறையாமல், ஜெலட்டின் போட்டு உறைய வைத்த புட்டிங் டப்பாக்களின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். ஜெலட்டின் என்பது மாட்டெலும்பையும் தோலையும் பக்குவம் பண்ணிக் காய்ச்சி எடுக்கிற சரக்கு. சில நாடுகளில் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துதான் செய்தேன். 2022 ஜூனிலிருந்து 2024 மே வரை, நடுவில் ஒரு மாதம் தவிர.

அந்த ஒரு மாதம் ஏன் தவிர என்பதுதான் இதிலேயே எனக்கு ரொம்ப வெட்கமான இடம். அதற்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அத்திப்பட்டு. வெளியூரில் சொன்னால் “சினிமாவுல மேப்ல இருந்தே காணாம போச்சே, அந்த ஊரா?” என்பார்கள். அது 2001-இல் வந்த ‘சிட்டிசன்’ படத்து அத்திப்பட்டி. எங்கள் ஊர் காணாமல் போகவில்லை. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. இறங்கினால் முதலில் கண்ணில் படுவது புகைபோக்கிகள்தான். வட சென்னை அனல்மின் நிலையத்தின் பழைய பகுதி 630 மெகாவாட், அடுத்துக் கட்டியது 1,200, பக்கத்திலேயே வல்லூர் 1,500. மாடியில் துணி காயப் போட்டால் எடுக்கும்போது ஒரு தரம் உதற வேண்டும். வற்றல் போடுகிற வழக்கத்தையே பல வீடுகளில் விட்டுவிட்டோம்.

வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். 2020 லாக்டவுனில் கம்பெனி மூடியது. திறந்தபோது பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பாதியில் இல்லை. நான் சமையலை விற்கலாம் என்று இறங்கினது அப்போதுதான். முதலில் முறுக்கு, அதிரசம். அதெல்லாம் ஊரில் நாலு பேர் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். யாரும் செய்யாதது எதுவென்று பார்த்தால், பக்கத்து வீட்டு அக்கா நோன்பு மாதத்தில் தட்டு தட்டாக எங்களுக்குக் கொடுத்து அனுப்புகிற கடல்பாசிதான்.

அக்கா கீழக்கரைக்காரர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து நாற்பது வருடம் ஆகிறது. நோன்பு திறக்கும்போது கஞ்சி, வடை, சமோசாவோடு கடல்பாசி இல்லாமல் அவர்கள் வீட்டில் தட்டு வைக்க மாட்டார்கள். பாலில் ஒன்று, இளநீரில் ஒன்று, ரோஸ் எசன்ஸ் விட்டு ஒன்று. எனக்கு அவரே அடுப்படியில் நின்று சொல்லிக் கொடுத்தார். கடையில் ‘சைனா கிராஸ்’ என்று வாங்குவோமே, வெள்ளை நூல் கற்றை மாதிரி, அதில் பத்து கிராம் ஒரு லிட்டருக்கு. முதலில் ஊற வை. ஊறினதைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் கிண்டு. பாலைத் தனியாகச் சூடு பண்ணி வைத்துக்கொள். ஆறின பாலை ஊற்றினால் திப்பி திப்பியாக ஆகிவிடும். சர்க்கரை போட்டு, வடிகட்டி, தட்டில் ஊற்றி, கையை எடுத்துவிடு. ஃப்ரிட்ஜ் வேண்டாம், நம்ம ஊர் வெயிலிலேயே உறையும்.

“இது சீனாவும் இல்ல, புல்லும் இல்ல புள்ள,” என்பார் அக்கா. “எங்க ஊர்க் கடல்ல பொறுக்குறது.”

கீழக்கரைக்கு எதிரே கடலில் தீவுகள் இருக்கின்றன. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்தார்கள். அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது பெண்கள் வேலை. விடியலில் வத்தையில் கூட்டமாகப் போவார்களாம். கண்ணில் கண்ணாடி, பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க விரலுக்கெல்லாம் துணி சுற்றல், இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கிக் கையால் பிய்த்துப் பையில் போட்டுவிட்டு மேலே வருவது, மறுபடி முங்குவது. இப்படி நாளெல்லாம். அதில் உசத்தி, மரிக்கொழுந்துப் பாசி. வாசனையால் வந்த பேர் இல்லை, பார்க்க அப்படி இருக்கும். சைனா கிராஸ் என்கிற அகர் எடுக்க அதுதான் முதல் தரம். இன்னொன்று கஞ்சிப் பாசி. கரையோரத்தில் முன்பு கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்ததால் அந்தப் பேர். கட்டக்கோரை என்றும் பக்கோடாப் பாசி என்றும் வேறு உண்டு. அவையும் தொழிற்சாலைக்குத்தான் போகின்றன; ஆனால் நம் தட்டில் உறைவது அவையில்லை.

பூங்கா என்று ஆனபிறகு வனத்துறையோடு அந்தப் பெண்களுக்கு ஓயாத மல்லுக்கட்டு. கடைசியில் மாதத்தில் 12 நாள்தான் போவது என்று அவர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வேரோடு பிடுங்குவதில்லை, குஞ்சுப் பாசியைத் தொடுவதில்லை. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கிற அம்மாவுக்கு 2015-இல் அமெரிக்காவிலிருந்து ‘சீகாலஜி’ விருது கொடுத்தார்கள். பேப்பரில் போட்டோவோடு வந்ததை அக்கா வெட்டி வைத்திருந்தார். இதையெல்லாம் நான் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன். என்னிடம் புட்டிங் வாங்க வருகிறவர்களிடம் சொல்லவும் செய்தேன். “ராமேஸ்வரத்துக் கடல்ல பொம்பளைங்க முங்கி எடுக்கிறது இது” என்றால் வாங்குகிறவர் முகம் மாறும். அது தட்டுக்கு ஒரு கூடுதல் சர்க்கரை மாதிரி. ஜெலட்டினுக்கு மாறின பிறகும் அந்தப் பேச்சை மட்டும் நான் மாற்றவில்லை.

மாறினது இப்படி. 2022 ஜூனில் ஒரு பிறந்தநாளுக்கு எண்பது டப்பா ஆர்டர். சைனா கிராஸ் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கேட்ட அளவு கிடைக்கவில்லை. பாரிமுனைப் பக்கம் கேக் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். அங்கேயும் பாசி குறைவாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் வெளிர் மஞ்சளாக ரவை மாதிரி ஒன்று. கடைப் பையன் எடுத்துப் போடும்போதே சொன்னான்: “அக்கா, இது நான்வெஜ். அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது.” சின்னப் பையன், இருபது வயசுகூட இருக்காது. அவனுக்கு இருந்த நாணயம்.

“தெரியும்பா,” என்று வாங்கி வந்தேன்.

காசுக்காகச் செய்தேன் என்றால் ஒருவேளை எனக்கே கொஞ்சம் மன்னிப்பு கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜெலட்டின் கிலோ விலை குறைவுதான், ஆனால் பாசியைவிட இரண்டு பங்கு போட வேண்டும். டப்பாவுக்கு மிச்சம் சில்லறைதான். வேலை குறைவு, அது உண்மை. கிண்டிக்கொண்டே நிற்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து வெதுவெதுப்பான பாலில் கரைத்தால் முடிந்தது. என்னைக் கட்டிப்போட்டது அந்த எண்பது டப்பாவுக்கு வந்த பாராட்டு.

கடல்பாசி வாயில் வைத்தால் கரையாது. கடிக்கணும். பல்லில் நறுக்கென்று உடையும். ஒரு நாள் வைத்தால் ஓரத்தில் தண்ணீர் விடும். ஜெலட்டின் நாக்கின் சூட்டிலேயே உருகிப் போகும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே அது தளர ஆரம்பித்துவிடும். வாய்ச்சூடு அதற்கு மேலே. பிறந்தநாள் வீட்டு அம்மா அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணி, “என்ன போட்டீங்க, வெண்ணெய் மாதிரி வழுக்குது!” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “பக்குவம்தாங்க” என்றேன். அந்த ஒரு சொல்லில் இரண்டு வருடம் ஓடியது. அதற்கு முன்னால் எனக்கு மாதம் ஐந்தாறு ஆர்டர் வரும். பிறகு வாரம் ஐந்தாறு.

மனசு சமாதானம் தேடும் அல்லவா? எனக்கும் கிடைத்தது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற கேப்சூலின் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின்தான். அதைப் பூண்டுகூடச் சேர்க்காதவர்களும் விழுங்குகிறார்கள். கடையில் விற்கிற சில ஜெல்லி மிட்டாயிலும் அதுதான். நான் ஒருத்தி போட்டால் என்ன குடி முழுகிவிடும்? நியாயம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல்: இவ்வளவு நியாயம் இருக்கிற காரியத்துக்கு, ஜெலட்டின் டப்பாவை நான் ஏன் பருப்பு டின்னுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்?

இப்போது அந்த ஒரு மாதம். 2023 மார்ச் கடைசியில் நோன்பு தொடங்கியது. அக்கா சொல்லி, தெருவில் ஏழெட்டு வீடுகளும் பழவேற்காட்டுப் பக்கத்து உறவுகளும் என்னிடம் கடல்பாசி சொல்லி வைத்தார்கள். அந்த மாதம் முழுக்க நான் ஒரு துளி ஜெலட்டின் தொடவில்லை. அலைந்து திரிந்து பாசி வாங்கினேன். பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். எந்தப் பிராணியின் எலும்பு, எந்த முறையில் அறுத்தது என்று தெரியாத சரக்கை நோன்பு திறக்கிறவர் வாயில் வைத்தால் பாவம் என்று எனக்கு நடுக்கம். அப்படியென்றால் எனக்கு விவரம் எல்லாம் தெரிந்திருந்தது. பயம் இருந்த வீட்டுக்குப் பாசி, பயம் இல்லாத வீட்டுக்கு ஜெலட்டின். பெருநாள் முடிந்த அடுத்த வாரமே மறுபடி ஜெலட்டின் தூளை எடுத்தேன்.

பயம் இல்லாத வீடுகளில் ஒன்று, புதுநகரில் இருக்கிற ஒரு பெண்ணுடையது. சிட்டியில் ஐ.டி. வேலை, தினமும் ரயில். பாட்டி வீட்டில் கன்றுக்குட்டியைப் பாலுக்காகப் பிரித்துக் கட்டினதைச் சின்ன வயசில் பார்த்து, வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டவள். “வீகன் ஆன்ட்டி” என்றாள் முதல் தடவை வந்தபோது. அவள் அம்மாவுக்கு அது ஒரு பெரிய துக்கம். “கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் வீட்ல மோர்கூட வேணாம்னா எப்படி?” என்பார். நானும் உச்சுக் கொட்டினேன்.

அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது, எந்த டப்பாவை எடுத்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அடுப்படியிலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினாள். தேங்காய்ப் பால் டின்னில் 412 என்று ஒரு சேர்மான நம்பர் போட்டிருந்தது. “கொத்தவரங்காய் ஆன்ட்டி!” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே அதுதான். கொத்தவரை விதையை உடைத்து எடுக்கிற பிசின் மாவு, குவார் கம் என்று பேர். உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு நம் ராஜஸ்தான், ஹரியானா, குஜராத் வயல்களிலிருந்துதான் போகிறது. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கிறவர்கள் அதைத் தண்ணீரில் கலந்து உள்ளே செலுத்துகிறார்கள். 2012-இல் அதற்கு வந்த கிராக்கியில் விலை தாறுமாறாக ஏறி, முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள். நாம் பொரியல் பண்ணவே யோசிக்கிற காய்.

407 என்றால் கராஜீனன். அதுவும் பாசிதான், வேறு ஜாதி. நம் மண்டபம் கரையில் மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிறார்கள். 45 நாளில் அறுவடை. பெப்சி கம்பெனி கொண்டுவந்து பரப்பியதால் அங்கே அதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பேர் நின்றுவிட்டது. பாதாம் பால், சோயா பாலில் அடியில் வண்டல் நிற்காமல் பிடித்து வைப்பது அந்த மாதிரிச் சரக்கு. 440 பெக்டின், ஆப்பிள் சக்கையிலும் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலிலும் எடுப்பது. 415 சாந்தன் கம், சர்க்கரையில் பாக்டீரியாவை வளர்த்து அது கக்குவதை உலர்த்தினது. “பாக்டீரியா உயிர் இல்லையா?” என்று மடக்கினேன். “அது மிருகம் இல்ல ஆன்ட்டி, அலவ்டு” என்று சிரித்தாள். 437 என்று ஒன்று உண்டு, நம் புளியங்கொட்டை. பஞ்சுமில் நூலுக்குக் கஞ்சி போட அரைக்கிற அதே மாவுதான், ஜப்பானில் சுத்தம் பண்ணி ஜாமுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போடுகிறார்கள். நம் அடுப்படியில் ஜவ்வரிசி, கேழ்வரகு மாவு, வெண்டைக்காய் என்று எத்தனை வழுவழுப்பு இருக்கிறது, நமக்கு அதற்கெல்லாம் நம்பர் போடத் தோன்றியதில்லை.

“406 தான் உங்களோடது ஆன்ட்டி. அகர். ஆனா உங்க ஸ்டிக்கர்ல இந்தப் பச்சைப் புள்ளி எனக்குப் பத்தாது. பால் போட்டாலும் பச்சைப் புள்ளிதான். வீகனுக்கு 2022-ல இருந்து தனி அடையாளமே வந்திருக்கு. ஒரு வி எழுத்து, அதுக்கு மேல இலை.” பிறகு சாதாரணமாக, கேட்க வேண்டுமே என்று கேட்கிற மாதிரி: “ஜெலட்டின் எல்லாம் போட மாட்டீங்கல்ல?”

“சேச்சே. கடல்பாசிதான் கண்ணு.”

பருப்பு டின் அவள் தோளுக்கு நேர் பின்னால் இருந்தது. அவள் பையில் தேங்காய்ப் பால் புட்டிங் நாலு டப்பா. நாலும் ஜெலட்டின்.

பொய் சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குள் பழகிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது அக்காதான். 2023 ஆகஸ்டில் அவர் பேரனுக்குப் பிறந்தநாள். அன்னாசிப் பழம் போட்டு மஞ்சளாக ஒரு பெரிய தட்டு வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டான். பாசி கையில் இல்லை. நோன்பு மாதமில்லையே, சின்னப் பையன்தானே என்று ஜெலட்டினிலேயே போட்டேன். நடுக்கமெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குத்தான் போல. பழத்தைப் பச்சையாக நறுக்கிக் கலந்தேன். காலையில் வைத்தது மத்தியானம் வரை ஃப்ரிட்ஜில் தண்ணீராகவே இருந்தது. இன்னும் இரண்டு ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். சாயந்திரமும் தண்ணீர். எனக்குக் கை கால் ஓடவில்லை. பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கிற ஒரு சத்து இருக்கிறது. கறி வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அந்த வேலை. ஜெலட்டின் புரதம், அதனால் அது அறுந்து போகும். பாசி புரதம் இல்லை, மாவுச் சத்துக்கு உறவு. அதை அன்னாசி ஒன்றும் செய்யாது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அக்காவுக்குப் படிக்காமலே தெரியும்.

தட்டை வாங்கிப் போக வந்தவர் எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள இது? நா நாப்பது வருஷமா அன்னாசி போட்டுக் கடல்பாசி காய்ச்சுறேன். ஒரு நாளும் உறையாம இருந்ததில்லையே.” குனிந்து மோந்து பார்த்தார். ஜெலட்டினுக்கு லேசாக ஒரு வாடை உண்டு. எசன்ஸ் ஊற்றினால் மறையும், அன்றைக்கு நான் ஊற்ற மறந்திருந்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் ஃப்ரிட்ஜ் சரியில்லை என்று ஏதோ சொன்னேன்.

“சரி விடும்மா. கடையில கேக் வாங்கிக்கலாம்.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, தெருவில் சொல்லவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. என் வீட்டிலிருந்து போகிற எதையும் அவர் வீட்டில் வாயில் வைப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிய நாலைந்து மாதமாயிற்று. பொங்கலுக்குக் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் மறுநாள் எதிர்வீட்டுக் குழந்தைகள் கையில் இருந்தது. அடுத்த நோன்பு மாதம் யாரும் என்னிடம் கடல்பாசி சொல்லவில்லை. அவர் வீட்டிலிருந்து மட்டும் வழக்கம்போல எனக்குத் தட்டு வந்தது.

அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. நிறுத்தினது 2024 மே மாதத்தில், அதுவும் மனசாட்சியால் இல்லை, வெயிலால்.

அந்த வீகன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குத் தேங்காய்ப் பால் புட்டிங், கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே மாதுளை முத்து. எடுத்து வைத்து ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்ப முக்கால் மணி நேரம். சுற்றிலும் இத்தனை மெகாவாட் எரிந்துகொண்டிருக்கிற ஊரில் மே மாதத்து மண்டபத்தில் மின்விசிறி நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வந்தபோது நூற்றைம்பது கிண்ணத்திலும் வெள்ளைத் தண்ணீர், அடியில் மாதுளை. பெண் என்னைச் சமாதானப்படுத்தினாள். “கரண்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி, தேங்காய்ப் பால் வேற.” நானும் கரண்ட்காரர்களைத் திட்டினேன். உரக்கவே திட்டினேன். பந்தி மூலையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கடல்பாசியாக இருந்தால் மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலும் நிற்கும் என்று அந்த மண்டபத்தில் தெரிந்த இரண்டு பேர் நாங்கள்தான்.

ஒரு மாதம் கழித்து, காலேஜில் மைக்ரோபயாலஜி சேர்ந்த என் மகள் வந்து, “அம்மா, உன் கடல்பாசியிலதான் நாங்க கிருமி வளக்குறோம்” என்றாள். லேபில் சின்னக் கண்ணாடித் தட்டில் அகர் ஊற்றி உறைய வைத்து அதன்மேல் பாக்டீரியாவைத் தீற்றுவார்களாம். ஏன் ஜெலட்டின் ஊற்றக் கூடாது என்று கேட்டேன். எனக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று அவளுக்கு ஆச்சரியம். அவள் சொன்ன கதை இது. ஜெர்மனியில் ராபர்ட் காக் முதலில் ஜெலட்டினில்தான் வளர்த்தார். மனித உடம்பின் சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டில் கிருமி வளரும், ஜெலட்டின் உருகிவிடும். உருகாமல் இருந்தாலும் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்றுவிடும். அவரிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் கோடையில் இதோடு போராடியபோது, அவர் மனைவி ஃபேனி, வீட்டில் தான் செய்கிற ஜெல்லி ஏன் வெயிலில் கரைவதில்லை என்று சொன்னாராம். அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர். அங்கே, முன்பு ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டது அகர்-அகர். கணவரிடம் அவர் அதைச் சொன்னது 1881-இல். அகர் 40 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும், உறைந்த பிறகு 85 வரை ஏற்றினால்தான் மறுபடி உருகும். அடுத்த வருடம் காக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதினபோது அகரைக் குறிப்பிட்டார், அந்தம்மா பெயரைக் குறிப்பிடவில்லை.

அகர்-அகர் மலாய்ச் சொல். எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டி, இங்கிருந்து துணி ஏற்றி ஜாவாவுக்குத்தான் அனுப்பினார்கள். அவர்களோடு இந்தச் சமையலும் கரை மாறிக் கரை போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அது என் கற்பனை. ஆனால் மகள் சொல்லி முடித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: ஓர் அடுப்படிக்காரி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், அது உலகத்துக்கே ஆயிற்று. இன்னோர் அடுப்படிக்காரி அதே விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு கரண்ட்காரனைத் திட்டினாள்.

ஜெலட்டின் தூளைச் சாக்கடையில் கொட்டினேன். மீதி ஸ்டிக்கரை வைத்திருக்கிறேன், ஐந்நூறு ரூபாய் கொடுத்து அடித்தது. அக்காவிடம் சொல்ல இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை, “என்ன புள்ள, சொல்லு” என்று அவரே கேட்டார். அடுத்த வாரம் மகளுக்கு ஒரு ஃபார்ம் நிரப்பணும், உங்க பையனை வரச் சொல்லுங்க என்றேன். அவர் சிரித்த சிரிப்பில், சொல்லவே வேண்டியதில்லை என்பதும் இருந்தது, சொல்லாததால்தான் இன்னும் தட்டைத் தொடவில்லை என்பதும் இருந்தது. அந்த வீகன் பெண் தமிழ்ப் பத்திரிகை படிப்பவள் இல்லை. அவள் அம்மா படிப்பார்.

இப்போது அகர்தான் போடுகிறேன். நறுக்கென்று உடையாமல் இருக்க அளவைக் குறைத்து, தேங்காய்ப் பாலில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் கரைத்து, என்னவெல்லாமோ பண்ணிப் பார்த்துவிட்டேன். ஓரளவு வருகிறது. வாயில் உருகுவது மட்டும் வரவில்லை. ஆர்டர் பழையபடி மாதம் ஐந்தாறுக்கு வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த அந்தப் பெண் போன வாரம் நாலு டப்பா வாங்கினாள். என் எதிரிலேயே ஒன்றைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

“நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா முன்னாடி செய்வீங்களே, வாயில வச்சதும் அப்படியே கரையுமே. அது ஏன் இப்ப வர மாட்டேங்குது?”

“இப்ப ராமேஸ்வரத்துல இருந்து வர்ற பாசி சரியில்ல கண்ணு,” என்றேன்.